ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிச் சேப்பல்களில், அதாவது கல்லூரிக்குள்ளேயே இருக்கும் தேவாலயங்களில், என்ன நடக்கும்? கிறிஸ்தவர் அல்லாத மாணவர் அங்கே போகலாமா, பாடகர் குழுவில் சேரலாமா?

போகலாம். பாடத் தெரிந்தால் சேரவும் சேரலாம். நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. ஆராய்ச்சிப் படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் போய், என் கல்லூரிச் சேப்பலின் பாடகர் குழுவில் பேஸ் எனப்படும் ஆண்களின் கீழ்க்குரல் பாடினேன். ஞானஸ்நானம் பெற்றாயா, எதை நம்புகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. குரல் தேர்வில் பார்த்ததெல்லாம், அதுவரை கண்ணில் படாத ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தால் இசைக்குறிப்பைப் பார்த்துப் பாட வருகிறதா, பக்கத்தில் நிற்பவர் குரலோடு சேர்ந்து ஒலிக்கிறதா என்பதுதான்.

கல்லூரிச் சேப்பல் என்றதும் பலருக்கும் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிதான் நினைவுக்கு வரும். ஆறாம் ஹென்றி 1446-ல் அடிக்கல் நாட்டிய கட்டடம். ஜான் வாஸ்டெல் என்ற கொத்தனார் 1512-க்கும் 1515-க்கும் இடையில் எழுப்பிய அதன் விசிறிக் கல்கூரைதான் அந்த வகையில் உலகிலேயே பெரியது. முதல்முறை அண்ணாந்து பார்க்கிறவருக்குப் பேச்சு வராது. ஆனால் கல்லூரிச் சேப்பல் என்னவென்று புரிந்துகொள்ள அந்தக் கூரையோ கிறிஸ்துமஸ் ஒலிபரப்போ போதாது. பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை, வெளியே குளிர், சிறிய கல்லூரி ஒன்றின் சேப்பலில் பாடுகிறவர்கள் இருபது பேர், கேட்க வந்தவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்காகக் குழு ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்திருக்கும். யாருமே வராவிட்டாலும் அதே ஒத்திகை, அதே பாடல்கள், அதே கவனம். சேப்பலின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே பாடப்படுவது பெரும்பாலும் ஈவன்சாங் எனப்படும் மாலை வழிபாடு. இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்த பிறகு, பேராயர் தாமஸ் கிரான்மர் 1549-ல் ஆங்கிலத்திலேயே ஒரு பொது ஜெப நூலை உருவாக்கினார். துறவி மடங்களில் மாலையில் ஒன்றும் படுக்கப்போகும்முன் ஒன்றுமாக இருந்த இரண்டு லத்தீன் வழிபாடுகளைச் சேர்த்து ஒரே மாலை வழிபாடாக்கினார். மாலை வழிபாட்டிலிருந்து இயேசுவின் தாய் மரியாளின் பாட்டு வந்தது, இரவு வழிபாட்டிலிருந்து குழந்தை இயேசுவைக் கண்ட முதியவர் சிமியோனின் பாட்டு வந்தது. இன்றைக்கும் பல கல்லூரிகளில் 1662-ஆம் ஆண்டுப் பதிப்பின் சொற்களையே பாடுகிறார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வார நாள்களில் பெரும்பாலும் பிரசங்கம் கிடையாது. சங்கீதம் எனப்படும் விவிலியத் துதிப்பாடல், பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு வாசிப்பு, மரியாளின் பாட்டு, புதிய ஏற்பாட்டிலிருந்து ஒரு வாசிப்பு, சிமியோனின் பாட்டு, கிறிஸ்தவ நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம், சில ஜெபங்கள், அந்தம் என்று சொல்லும் ஒரு சிறப்புப் பாடல். இவ்வளவுதான்.

இருக்கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வழக்கமான தேவாலயம்போல எல்லோரும் பீடத்தைப் பார்த்து வரிசையாக உட்காருவதில்லை. நடுவில் வழி, இருபுறமும் எதிரெதிரே மரப் பெஞ்சுகள். பாடகர் குழுவும் அப்படியே இரண்டாகப் பிரிந்து நிற்கும். சேப்பலுக்குப் பொறுப்பான குருவாகிய டீன் உட்காரும் பக்கம் டெகானை, எதிர்ப்பக்கம் கான்டோரிஸ். சங்கீதத்தின் ஒரு வசனத்தை இந்தப் பக்கம் பாடினால் அடுத்ததை அந்தப் பக்கம் பாடும். இதனால் வழிபாடு முழுக்க உங்கள் கண்முன் இருப்பது எதிரே உள்ள மனிதர்களின் முகம். காலையில் உங்கள் கட்டுரையை அடித்துத் திருத்திய பேராசிரியர் அங்கே உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் முதலாண்டு மாணவி ஒருத்தி, அடுத்து வாயில் காவல் அறையில் வேலை பார்ப்பவர். கல்லூரியின் உணவுக்கூடத்தில்கூட ஆசிரியர்களுக்குத் தனி மேசை உண்டு. சேப்பலில் அந்தப் பிரிவு அவ்வளவாகத் தெரியாது.

இசை தெரிந்தவர்கள் அந்தம் என்ற அந்தச் சிறப்புப் பாடலைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். பாடியவன் என்ற முறையில் எனக்குச் சங்கீதம்தான் பெரிது. பொது ஜெப நூல் 150 சங்கீதங்களையும் முப்பது நாள்களுக்குக் காலை மாலை எனப் பிரித்து வைத்திருக்கிறது. மாதத்தின் 15-ஆம் தேதி மாலைக்கு 78-ஆம் சங்கீதம். எழுபதுக்கும் மேற்பட்ட வசனங்கள். எகிப்திலிருந்து தாவீது வரை முழு வரலாறு. அதை முழுதாகப் பாடும் சேப்பல்களில் அன்றைய மாலை தனி அனுபவம். பாடும் முறை ஆங்கிலிகன் சான்ட். பத்தே சுருதிச் சேர்க்கைகள் கொண்ட மிகச் சிறிய மெட்டு. வசனத்தின் முதல் பாதிக்கு நான்கு, பின்பாதிக்கு ஆறு. வசனம் நீளமாக இருந்தால் ஒரே ஒலியில் பல சொற்களைப் பேச்சு வேகத்தில் சொல்லிவிட்டு, முடிவில் மட்டும் மெட்டு நகரும். தாளம் இல்லை. கை காட்டுகிறவர் ஒவ்வொரு அசைக்கும் காட்டவும் முடியாது. எந்தச் சொல்லில் அழுத்தம், எங்கே மூச்சு, பாதி வசனத்தில் எவ்வளவு இடைவெளி என்பதை இருபது பேரும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தேர்வடம் பிடிக்கிறபோது ஒருவர் மட்டும் முந்தி இழுத்தால் தேர் நகராது, எல்லாருடைய இழுப்பும் ஒரே கணத்தில் சேர வேண்டும், அதுபோல. அது கூடிவரும் நாளில் இருபது பேர் பாடுவதாகத் தெரியாது. வாக்கியமே தானாக நடந்து போவதுபோல் இருக்கும்.

சிறுவயதில் கொஞ்சம் கர்நாடக இசை படித்தவன் நான். அங்கே என் குரல் தனியாகக் கேட்க வேண்டும். கமகத்தில் என் கைவண்ணம் தெரிய வேண்டும். சேப்பலில் முதலில் விடவேண்டியது அதைத்தான். ஸ்வரத்தை அசைக்காமல் நேராக நிறுத்து, பக்கத்துக் குரலைக் கேட்டு உன் குரலைக் கரை என்பார்கள். பழகிய பிறகு எனக்கு அது ஒரு பெரிய விடுதலையாக இருந்தது. ஆராய்ச்சி மாணவனின் நாள் முழுவதும் தன் பெயரை நிலைநாட்டுவதிலேயே போய்விடும். மாலையில் ஒரு மணி நேரமாவது யாருடைய பெயரும் வேண்டியிராத ஒரு வேலை கிடைத்தது.

ஒத்திகை குறைவு என்பதையும் சொல்லவேண்டும். பெரும்பாலான நாள்களில் வழிபாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம்தான். மாலை ஐந்தே காலுக்கு முதல்முறை பார்க்கும் பக்கத்தை ஆறே காலுக்கு வழிபாட்டில் பாடிவிடுவார்கள். மேற்கத்திய இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் பாடும் திறமை அதனால்தான் இவ்வளவு முக்கியம். பெரிய கல்லூரிகளில் இதற்கென ஓர் இசை இயக்குநர் இருப்பார். சிறிய கல்லூரிகள் பலவற்றில் குழுவை நடத்துவதே, ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவியை வாசிக்கும் ஆர்கன் ஸ்காலர் எனப்படும் மாணவர்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை. பாடல்களைத் தேர்ந்தெடுத்து, முனைவர் பட்ட மாணவர்களையும் ஆசிரியர்களையும் நிற்கவைத்து ஒத்திகை நடத்தி, பிறகு மாடிக்கு ஓடி ஆர்கன் வாசிப்பார்கள். பல சேப்பல்களில் ஆர்கன் வாசிப்பவருக்குக் குழு பின்னால் இருக்கும். கண்ணாடியிலோ கேமரா திரையிலோ பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். குழாயின் ஒலி கீழே வந்துசேரச் சிறு தாமதம் இருப்பதால், தன் காதுக்கு முந்தி ஒலிப்பதுபோல வாசிக்கவும் பழக வேண்டும். இத்தனையையும் செய்துவிட்டு மறுநாள் காலை மற்றவர்களைப் போலவே வகுப்புக்கும் போவார்கள். பல்கலைக்கழகத்தில் நான் கண்ட பயிற்சிகளிலேயே கடினமானது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

இந்த இசையின் பெரும்பகுதி அந்தக் கட்டடங்களுக்கென்றே எழுதப்பட்டது. சார்லஸ் ஸ்டான்ஃபோர்டு கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி ஆர்கன் கலைஞராக இருந்தபோது 1879-ல் எழுதிய பி ஃபிளாட் வழிபாட்டு இசை இன்றும் எல்லாக் குழுக்களின் கோப்பிலும் இருக்கும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஹெர்பர்ட் ஹோவெல்ஸ் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் தற்காலிகப் பொறுப்பில் இருந்தபோது கிங்ஸ் கல்லூரிக்காக எழுதத் தொடங்கியது ‘கலீஜியம் ரீகாலே’ என்ற வழிபாட்டு இசை. அதில் சிமியோனின் பாட்டைத் தொடங்குவது டெனர் எனப்படும் ஒற்றை ஆண் மேல்குரல். அந்தக் குரல் மேலே போகும்போது கல்லும் உயரமும் அதை ஏந்திக்கொள்ளும். ஒலி மங்குவதற்குக் காத்திருக்கும் அந்த நேரத்தையும் கணக்கில் கொண்டே அவர் எழுதியிருக்கிறார் என்பது பாடும்போது தெரியும். ஒலிப்பதிவில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

இனி நம்பிக்கை பற்றி. கேள்வியின் மையம் அதுதானே. ஒருகாலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களிலும் முழு உரிமையுடன் படித்துப் பட்டமும் பதவியும் பெற முடியாது. 1871-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம்தான் அந்தச் சமயச் சோதனைகளை நீக்கியது. மாணவர்கள் கட்டாயமாகச் சேப்பலுக்கு வரவேண்டும் என்ற வழக்கமும் பிறகு மெல்ல மறைந்தது. இன்று வருகிற எவரும் விரும்பி வருகிறவரே.

பாடல்களை எழுதியவர்களிடமே இந்த விரிவு இருந்தது. முதலாம் எலிசபெத் அரசியின் சீர்திருத்தத் திருச்சபைக்கு ஒப்பற்ற இசை எழுதிய வில்லியம் பேர்டு ஒரு கத்தோலிக்கர். 1906-ல் ஆங்கிலத் துதிப்பாடல் நூல் ஒன்றுக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்து பெரும் புதுமை செய்த ரால்ஃப் வான் வில்லியம்ஸ், டிரினிட்டியில் படித்தவர். வழக்கமான பொருளில் விசுவாசி அல்லர். அவர்கள் இசையைத்தான் சேப்பல் தன் உயிர்போல வைத்திருக்கிறது.

விசுவாசப் பிரமாணம் வரும்போது எல்லோரும் கிழக்கே திரும்பி நிற்பார்கள். நானும் திரும்பி நிற்பேன், ஆனால் சொல்லமாட்டேன். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை கல்லூரியின் குருவான சேப்ளினிடமே இதைப் பற்றிக் கேட்டேன். இங்கே நிற்கிற எல்லாரும் எல்லா வரியையும் எல்லா நாளும் உறுதியாக நம்பிக்கொண்டு நிற்பதில்லை, ஒருவரால் சொல்ல முடியாத வரியை அன்றைக்கு இன்னொருவர் சொல்வார், சேர்ந்து சொல்வதே அதற்காகத்தான் என்றார் அவர். அந்தப் பதில் என்னை அங்கேயே நிறுத்திவைத்தது. பசித்தவர் நிறைவு பெறுவார்கள், செல்வர் வெறுங்கையோடு போவார்கள், வலியவர் அரியணையிலிருந்து இறக்கப்படுவார்கள் என்று பாடுகிறது மரியாளின் பாட்டு. அரசர்கள் பணம் கொடுத்துக் கட்டிய கூடங்களில், உலகின் செல்வமிக்க கல்லூரிகளின் நடுவில் நின்று, ஒவ்வொரு மாலையும் அதைப் பாடுகிறோம். நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் அந்த வரிகளை மனம் ஒப்பியே பாடினேன்.

ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வழிபாடு வேறு. அப்பமும் திராட்சரசமும் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு. மற்றவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம், அல்லது முன்னே போய் மார்பின்மேல் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டால் ஆசி மட்டும் தருவார்கள். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

வழிபாடு முடிந்ததும் சமூகம் தொடங்கிவிடுகிறது. பல கல்லூரிகளில் ஞாயிறு ஈவன்சாங்குக்குப் பின் ஒரு கோப்பை பானம், பிறகு கூடத்தில் இரவு உணவு. பாடகர்களுக்குச் சாப்பாடு பெரும்பாலும் கல்லூரிக் கணக்கில். அங்கேதான் எனக்கு என் துறைக்கு வெளியே நண்பர்கள் கிடைத்தார்கள். சட்டம் படிக்கிறவர், பண்டைய கிரேக்கம் படிக்கிறவர், படகுக் குழுவில் துடுப்புப் போடுகிறவர் எல்லோரும் ஒரே பெஞ்சில். சேப்ளினின் வேலை சேப்பலோடு முடிவதும் இல்லை. தேர்வுப் பருவத்தில் தூக்கம் வராதவர்கள், வீட்டில் யாரையாவது இழந்தவர்கள், படிப்பை விட்டுவிடலாமா என்று நினைப்பவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் அவருடைய அறைக்கதவைத் தட்டலாம். கல்லூரியில் மதிப்பெண் போடும் அதிகாரம் எதுவும் இல்லாமல் உங்கள் பேச்சைக் கேட்க உட்கார்ந்திருப்பவர் அவர்.

இரவு வழிபாடான காம்ப்ளினும் உண்டு. வாரத்தில் ஓரிரவு, ஒன்பது பத்து மணிக்குமேல், மெழுகுவத்தி வெளிச்சத்தில், பழைய ஒற்றைக்குரல் மெட்டுகளில், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆய்வகத்திலிருந்து நேரே வருகிறவர்கள் இதற்கு அதிகம். நிறையப் பேசவேண்டிய அவசியமில்லாத கூட்டம் வேண்டுமென்றால் அதுதான் ஏற்றது.

நவம்பரில் போர் நினைவு ஞாயிறு. உலகப்போர்களில் இறந்த கல்லூரி மாணவர்களின் பெயர்களைப் பல சேப்பல்களில் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஆக்ஸ்போர்டின் நியூ காலேஜ் சேப்பலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கல்லூரியில் படித்து, பிறகு தாய்நாடு திரும்பி, முதல் உலகப்போரில் எதிர்த்தரப்பில் போரிட்டு இறந்த மூன்று ஜெர்மானியர்களுக்கானது. எதிரிநாட்டுப் போர்வீரரின் பெயரையும் தன் பிள்ளைகளில் ஒருவராகச் சுவரில் பொறித்துவைத்த அந்த மனது எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு கல்லூரிச் சேப்பல் செய்யக்கூடியது என்னவென்று எவராவது கேட்டால் அந்தக் கல்லைத்தான் காட்டுவேன்.

கிங்ஸின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் வழிபாடும் அந்தப் போரின் நிழலில் தொடங்கியதே. போர்க்களத்தில் சேப்ளினாக இருந்துவிட்டுத் திரும்பிய எரிக் மில்னர்-ஒயிட், கிங்ஸின் டீனாகி, 1918 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒன்பது வாசிப்புகளும் கேரல் எனப்படும் கிறிஸ்துமஸ் பாடல்களும் கொண்ட வழிபாட்டை அங்கே அறிமுகப்படுத்தினார். வடிவம் 1880-ல் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில் உருவானது. பிபிசி வானொலி 1928-ல் ஒலிபரப்பத் தொடங்கியது. ஆனால் மற்றக் கல்லூரிகளில் டிசம்பர் முதல் வாரத்திலேயே பருவம் முடிந்துவிடுவதால், கேரல் வழிபாடுகளை நவம்பர் கடைசியிலேயே பாடிமுடித்துவிட்டு எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். கோடையின் பக்கம் போனால் ஆக்ஸ்போர்டின் மாட்லின் கல்லூரிக் குழு மே முதல் தேதி காலை ஆறு மணிக்குக் கோபுரத்தின் உச்சியிலிருந்து பாடும். கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் குழு 1902 முதல் இயேசு பரமேறிய திருநாளில் தன் கோபுரத்தில் ஏறிப் பாடுகிறது.

குறைகளை மறைத்தால் இந்தப் பதில் நேர்மையாக இராது. இந்த உலகம் நெடுங்காலம் ஆண்களுடையதாகவே இருந்தது. கேம்பிரிட்ஜில் கிளேர் கல்லூரி 1972-ல் பெண்களைச் சேர்த்த பிறகுதான் அங்கே கலப்புக் குழு வந்தது. சிறுவர்களைக் கொண்ட தொன்மையான குழுக்களில் ஒன்றான செயின்ட் ஜான்ஸ், பெண்களையும் சிறுமிகளையும் சேர்த்தது 2022-ல்தான். இன்னொன்று, பார்த்தவுடன் பாடும் பயிற்சி சிறுவயதிலேயே கிடைப்பது வசதியான பள்ளிகளில் படித்தவர்களுக்கே அதிகம். வேறு இசை மரபிலிருந்து வருகிற, நல்ல குரலும் நுட்பமான காதும் உள்ளவர்கள் முதல் தேர்விலேயே வெளியே நின்றுவிடுகிறார்கள். இது சரிசெய்யப்பட வேண்டியது, செய்ய முடிந்ததும்கூட. சில கல்லூரிகள் தேர்வே வைக்காமல் யாரையும் சேர்த்துக்கொள்ளும் இரண்டாவது குழுவை நடத்துகின்றன. இந்த வழக்கம் எல்லாக் கல்லூரிகளிலும் வரவேண்டும்.

நீங்கள் போவதாக இருந்தால் முதல்முறை கிங்ஸுக்குப் போகாதீர்கள். அங்கே கூட்டம் அதிகம்; கட்டடத்தைப் பார்ப்பதிலேயே மனம் போய்விடும். வார நாளில் ஒரு சிறிய கல்லூரிக்குப் போங்கள். ஈவன்சாங்குக்குக் கட்டணம் இல்லை. பத்து நிமிடம் முன்னால் போய், வாயில் காவலரிடம் சேப்பலுக்கு என்றால் வழி காட்டுவார். உள்ளே சேப்பல் வார்டனாக இருக்கும் மாணவர் ஒரு தாள் தருவார். எப்போது எழ வேண்டும், உட்கார வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பாட்டு முடிந்ததும் கை தட்டாதீர்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை, ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை என்று பருவக் காலத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் பாடும். குழுவில் சேர விரும்பினால், கல்லூரியில் இடம் கிடைத்தவுடனேயே, பருவம் தொடங்கக் காத்திராமல், இசை இயக்குநருக்கோ ஆர்கன் ஸ்காலருக்கோ ஒரு மின்னஞ்சல் போடுங்கள். குரல் தேர்வுகள் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதென்றால் அதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே கற்கத் தொடங்கிவிடுங்கள்.